பிசிறில்லாத அன்னங்கள்

“இது நெய்தது இல்லைங்க. அச்சடிச்சது,” என்று சொல்லிவிட்டு கைத்தறி அலுவலக அதிகாரி பூதக்கண்ணாடியை மேசை மேல் வைத்தார்.

நெசவாளருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. பட்டு நூலைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, சிவப்புச் சாயத்தில் முக்கி, அவிழ்த்து, தறியில் ஏற்றி, இழை இழையாக இழுத்துச் சேர்த்த வெள்ளை அன்னங்கள் அவை. அச்சாமே, அச்சு!

அசல் என்று முத்திரை விழுந்தால்தான் கடைக்காரர் புடவையைத் தொடுவார். விழாவிட்டால் ஒரு வருஷ உழைப்பு பீரோவில் தூங்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காலையில் சந்தோஷமாகத்தான் கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கும் புது மருமகள் பீரோவிலிருந்து புடவையை எடுத்துக் கொடுத்தாள். அவள் விரல் நுனியில் சிவப்புக் கறை. தறிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பெண்ணுக்கும் நம் தொழில் ஒட்டிக்கொண்டதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. துணைக்கு அவளையே கூட்டி வந்தார்.

“நூலைக் கட்டி சாயம் போட்டு நெய்தா, டிசைனோட ஓரம் கொஞ்சம் கலங்கி, பிசிறு பிசிறா நிக்கும். அதுதான் அசலுக்கு அடையாளம், உங்களுக்குத் தெரியாததா? இதைப் பாருங்க, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு.”

நெசவாளர் குனிந்து பார்த்தார். அன்னம் அவருடையதுதான், கழுத்து வளைவும் அவருடையதுதான். பிசிறை மட்டும் காணோம். தறியில் இருந்த பிசிறு, மடித்து வைத்த இடத்தில் எங்கே போய்த் தொலையும்?

புடவையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அச்சு என்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். அதிகாரி திருப்பினார். அங்கேயும் கத்தியால் வெட்டியது போல அதே ஓரம். இரண்டு பக்கமும் அடிக்கிற மெஷினெல்லாம் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசலுக்கு வந்ததும் நெசவாளர் பொரிந்து தள்ளினார். அதிகாரிக்குக் கண் அவிந்துவிட்டது என்றார். அப்புறம், போன வாரம் தேய்க்கக் கொடுத்தபோது இஸ்திரிக்காரன்தான் புடவையை மாற்றிவிட்டான், இப்போதே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்று குதித்தார்.

மருமகள் புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“யாரும் மாத்தலை மாமா. கலர் கோட்டை விட்டு வெளிய வந்திருக்குதேன்னு நான்தான் பிரஷ் வெச்சு சரி பண்ணேன்... ரெண்டு பக்கமும்.”