சூடானால்தான் வரும்

வண்டியை ஓட்டிப் பார்த்துப் பழுது சொல்பவன் டிரைவர். உட்கார்ந்த இடத்திலேயே சொல்பவன்தான் டாக்டர். அப்படிப்பட்ட டாக்டர்கள் இந்தியாவிலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று செங்கம் நவீன்குமார் அறிவித்தார். மிச்சமிருப்பவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய பைக்கிலேயே ‘கார் டாக்டர்’ என்று பெரிய ஸ்டிக்கர் இருந்தது.

புதூர்நாட்டு டீக்கடையில் சவால் வேறு விட்டுவிட்டு வந்திருந்தார். வேடியப்பன் வீட்டுக் காரின் பழுதைப் பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் அந்த ஸ்டிக்கரைத் தன் கையாலேயே கிழிப்பாராம். கடையே சாட்சி.

நோயாளி பலாமரத்தடியில் நின்றது. பழைய ஆட்டோமேட்டிக் கார். பெங்களூரிலிருந்து மகன் ரமேஷ் ஓட்டி வந்து, நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய்விட்டான்.

“இன்னாண்ணே பண்ணுது?”

“ஹேண்ட் பிரேக்க இழுத்து வுட்டாலும் நகருதாம் சார். ரிவர்ஸ்லேந்து முன்னால போற டி கியருக்குத் தள்னா உதறுதாம். எனக்கு சாவி போடக்கூடத் தெரியாது, பையன் சொன்னதுதான்,” என்றார் வேடியப்பன்.

நவீன்குமார் பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடினார். “கியர் பாக்ஸ் ஆயில் கெட்டுப்போச்சு.” அளவுக் கம்பியை உருவினார். ஆயில் புதுசு போலச் செவசெவ என்றிருந்தது.

“அப்போ ஹேண்ட் பிரேக் கேபிள்.” பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இறங்கித் தள்ளினார். கார் நகரவில்லை. அவர் செருப்புதான் பின்னால் நகர்ந்தது.

“நின்ன எடத்துல வராது சார். சூடானாத்தான் வருமாம். வாசல்ல ரெண்டு சுத்து சுத்திப் பாருங்களேன்.”

“சுத்தறதா? செக்குமாட்டு வேலைண்ணே அது! நான் டாக்டரு.”

சொல்லிவிட்டு வெயிலைப் பார்த்தார். அது இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரும் இறங்கி வந்தார். “சரி, ஒரே ஒரு சுத்து.”

வாசல் முழுக்கக் காய்ந்த தாள் பரப்பியிருந்தது. “இது இன்னாத்துக்கு?”

“ஆயில் ஒழுகினா தாள்ல கறை தெரியும்ல சார்?”

“வெரி குட். இதுக்குப் பேரு லீக் டெஸ்ட்,” என்று பெயர் சூட்டினார் நவீன்குமார்.

டி-யில் ஒரு சுத்து. ரிவர்ஸில் ஒரு சுத்து. கார் சமர்த்தாகப் போனது. வேடியப்பனின் மனைவி ஈஸ்வரி நீளக் கோல் ஒன்றோடு வந்து, டயர் ஏறிய தாளையெல்லாம் புரட்டிப் போட்டாள்.

“அவங்க இன்னா பண்றாங்க?”

“கறை அடியில எறங்கியிருக்கான்னு பாக்குறா சார். இப்ப உதறுச்சா?”

“லேசா... இல்ல, அது கல்லு.”

“அந்த மூலைக்குப் போங்க சார். அங்கதான் உதறுச்சுன்னு பையன் சொன்னான்.”

ஒரு கியர் பாக்ஸ் குறிப்பிட்ட மூலையில் மட்டும் எப்படி உதறும் என்று இரண்டாவது வருட மெக்கானிக் மாணவன்கூடக் கேட்டிருப்பான். டாக்டர் கேட்கவில்லை. மூலைக்குப் போனார். பிறகு மற்ற மூலைகளுக்கும் போனார். ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துக்கொண்டு போனார், முழுசாக விட்டுவிட்டும் போனார்.

“மேகம் கட்டுது, சீக்கிரம் சுத்தச் சொல்லுங்க,” என்றாள் ஈஸ்வரி.

“காரு நனைஞ்சிடப் போவுதுன்னு அவளுக்குக் கவலை சார்.”

பொழுது சாய்ந்தது. நவீன்குமார் காருக்குள் இருந்தே கண்ணாடி வழியாகப் பைக்கிலிருந்த தன் ஸ்டிக்கரைப் பார்த்தார். “நோய் ஒளிஞ்சிக்குதுண்ணே.”

“வுடுங்க சார். டீக்கடைல நான் பேசிக்கறேன், நாளு தள்ளிப் போட்டாச்சுன்னு. நாளைக்கு வாங்க. பக்கத்து வூட்டு வாசல் மேடு, அங்க சுத்தினா நல்லா சூடாவும்.”

“காலையிலயே வந்துடட்டா?” என்று மெல்லிய குரலில் கேட்டார் டாக்டர். கிளம்பும்முன், விட்டுப்போன ஓரமாகப் பார்த்து, யாரும் சொல்லாமலே இன்னொரு சுத்து சுத்தினார்.

பைக் சத்தம் வளைவில் மறைந்தது. வேடியப்பன் குனிந்து தாளுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி தானியம் அள்ளினார். உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப்பக்கம் குரல் கொடுத்தார்.

“டேய் லட்சுமணா, எங்க சாமை உதுந்துடுச்சு, நாளைக்கு உன்னுதப் பரப்பு, டாக்டரு வர்றாரு!”