யார் வீட்டுச் சாவி?

"இது யாரு சாவி? யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்கடி!"

மீன் மார்க்கெட் நடுவில் நின்று கத்தினாள் வீராயி. காலையில் கூடையை இறக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தவள். கண் விழித்தபோது சுற்றிலும் கூட்டம், கைக்குள் ஓர் இரும்புச் சாவி.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கொடுப்பதற்குக் கிட்டே போக வேண்டுமே, அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

"மெதுவாப் பேசு, மறுபடியும் வந்துடப் போவுது" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி தனக்கொடி. "முக்காடு போட்ட ஒரு பொம்பள. மொகம் சரியாத் தெரியல. நொரை பட்டா ஒட்டிக்கும்னு நாங்கல்லாம் தள்ளி நின்னோம். அவ ஒருத்திதான் ஓடியாந்தா. அருவாமனையத் தள்ளி வச்சா, உன்ன ஒருக்களிச்சுப் படுக்க வச்சா, வாயத் தன் முந்தானையாலயே தொடச்சா. இரும்பு குடுங்கன்னு கேட்டா, யாரும் குடுக்கல. தன் மடியிலேர்ந்தே சாவிய எடுத்து உன் கையில வச்சா. நீ கண்ணத் தொறந்ததும் போயிட்டா."

"ஆறு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கிற நீ தள்ளி நின்ன. யாரு பெத்த பொண்ணோ..." வீராயி சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவ நல்லா இருக்கணும். பாவம், வீடு பூட்டிக் கெடக்குமே! வெயில்ல நிக்கிறாளோ என்னமோ. தேடிக் குடுத்துட்டு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிடணும்டி."

"இதுக்குத்தான் மருமவ கூட இருக்கணும்ங்கறது."

"அந்த வசந்தா பேச்ச எடுக்காத!" சீறினாள் வீராயி. "இரும்பெல்லாம் சும்மா, இது மூளையில வர்ற சீக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்க அத்தேன்னு நாலு பேரு எதிர்ல சொன்னவ. எனக்கு மூளைக் கோளாறாம்! பிரெஞ்சுக்காரன் கொடி எறங்குன வருஷம், என் மூஞ்சியில முழிக்காதேன்னு தொரத்துனேன். மவனும் அவ பின்னாலயே உப்பளத்துக்குக் குடி போயிட்டான். மூணு வருஷமாச்சு. இன்னிக்கு என்னக் காப்பாத்துனது இரும்புதான், தெரிஞ்சுக்க."

தனக்கொடி கூடையை மூடிவிட்டு எழுந்தாள்.

"மார்க்கெட் வாசல்ல பூட்டுக்கார சாமிக்கண்ணு இருக்காரு. அவருக்குத் தெரியாத சாவியா? வா, கேப்போம்" என்றாள்.

சாமிக்கண்ணு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் செஞ்சதுதான். பல்லு தேயவே இல்ல பாரு. ரொம்ப நாளா இதப் போட்டு யாரும் பூட்டத் தொறக்கல. ஆனா துரு ஏறல. எண்ண போட்டுத் தொடச்சுத் தொடச்சு வச்சிருக்காங்க."

"யாரு வீட்டுதுண்ணே? சொல்லுங்க. அந்தத் தாயி கால்லயே விழுந்துடறேன்."

சாமிக்கண்ணு அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பூட்டுக்கு ரெண்டு சாவி குடுக்கறது என் வழக்கம். உன் இடுப்புல தொங்குதே, அத எடு."

தலை உடைந்து, உப்புத்தண்ணீரில் கறுத்துப்போயிருந்த தன் வீட்டுச் சாவியை வீராயி அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். பல்லுக்குப் பல் ஒத்துப்போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால், துரத்துகிற கோபத்தில் மருமகளிடமிருந்து திருப்பி வாங்க மறந்த சாவி அது. முக்காடு எதற்கு என்பதும், இரும்பை நம்பாதவள் அதைக் கையில் வைத்தது யாருடைய நம்பிக்கைக்காக என்பதும் வீராயிக்கு இப்போது புரிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூடையப் பாத்துக்க தனக்கொடி. நான் உப்பளத்துக்குப் போயி, எம் மருமவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."