மூச்சு வாங்கும் இடம்

"மேடம், ஒண்ணு அந்த வகுப்பை மாத்துங்க, இல்லேன்னா என்னை மாத்துங்க."

பள்ளியில் சேர்ந்து பத்தே நாளான கணக்கு ஆசிரியர், எழுதி வந்த புகாரைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தார். நாட்டுப்புறப் பாடல் நடத்துகிறேன் என்று பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் கூரையைப் பிய்க்கிறாராம். சுவருக்கு இந்தப் பக்கம் அல்ஜீப்ரா அல்லாடுகிறதாம். எதிர்ப்பட்டால் வணக்கம், ஒரு புன்னகை, அதோடு சரி என்று பழகும் டீச்சரிடம் நேரில் சொல்லத் தயக்கம். முடிவு தெரியாவிட்டால் புகார் மேலிடத்துக்குப் போகும் என்றார்.

தலைமையாசிரியை காகிதத்தைத் தொடவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு நடந்தார்.

பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் இரண்டு மேசைகள் படகாகியிருந்தன. நாற்பது பிள்ளைகளும் ஒரே கயிற்றைப் பிடித்து, அந்தப் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இழுத்தா வரும் ஏலேலோ... இன்னும் கொஞ்சம் ஏலேலோ..."

முந்தானையை இடுப்பில் செருகியிருந்த டீச்சர் சட்டென்று கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. பலகையில் எழுதியிருந்த பாட்டில் குட்டையான ஒரு வரியைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பிள்ளைகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி உள்ளங்கையைத் தேய்த்தபடி சொன்னாள்: "அங்கதான் கை மாத்திப் பிடிக்கணும் டீச்சர். மூச்சும் வாங்கணும். நீளமா பாடினா கயிறு நழுவிடும்."

கணக்கு ஆசிரியருக்கு மெய்சிலிர்த்தது. 'உழைப்போர் களைப்புத் தீரப் பாடுவது' என்று மனப்பாடம் பண்ணி ஐந்து மதிப்பெண் வாங்கியவர் அவர். ஒரு வரி ஏன் குட்டை என்று இத்தனை வருடத்தில் தோன்றியதே இல்லை.

டீச்சர் கயிற்றின் நுனியை அவரிடம் நீட்டினார். வேண்டாம் என்பதற்குள் கை பிடித்துவிட்டது. மணி அடிக்கும்வரை பிள்ளைகளோடு சேர்ந்து இழுத்தார்.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புகாரைக் கிழித்துவிடச் சொன்னார்.

"பாடம்னா இதுதான் மேடம். தானா எதையும் சொல்லித் திணிக்காம, எல்லாத்தையும் பிள்ளைங்க வாயாலயே வரவைக்கிறாங்களே. எங்க போய்க் கத்துக்கிட்டாங்க?"

"எங்கயும் போகலை சார்," என்றார் தலைமையாசிரியை. "போன வருஷம் தொண்டையில ஒரு ஆபரேஷன். அன்னையிலேருந்து அவங்களால ஒரு வார்த்தை பேச முடியாது."