மேலிருந்து பார்க்கிற பூ

அப்பா கூரையில் நின்று கடைசி இதழுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றேன். நான் படிப்பிக்கிற பாலர் பாடசாலையின் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக் கூரை அது. ஆணி வரிசையைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சீற்று உடையும்.

தூரிகை இல்லை, கூட்டுகிற தும்புத்தடிதான். கடலுக்குப் போகத் தடை. எங்கள் வள்ளம் இரண்டு வருஷமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு வாங்கி வைத்த பெயின்ற் இறுகிப்போயிருந்தது. விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றித்தான் கரைத்தார். அம்மா ஏசவில்லை.

பூ என்றால் காம்பில்லை, இலையில்லை. நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். சுற்றிவரச் சிவப்பிலும் நீலத்திலும் கோணல்மாணலாக ஐந்து இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம்.

அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிற கனிசியஸ் அண்ணை, தோய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அவருடைய கடைசி மகள் என்னிடம்தான் படிக்கிறாள். நீலமும் வேண்டுமென்று கேட்டது அவள்தான்.

"பிலிப்பண்ணை, உது பூவோ, திருக்கையோ?"

"கீழை நிண்டு பாத்தா அப்பிடித்தான் தெரியும். இது உனக்குக் கீறினதில்லை. குண்டு போட வாற பொம்பர்க்காரனுக்கு."

"அவனென்ன பூப் பிடுங்கவோ வாறவன்?"

"கீழை சின்னப் பிள்ளையள் இருக்கு எண்டு விளங்கும். அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே."

கனிசியஸ் அண்ணை சிரித்தார். சிரித்து முடியவில்லை, பொம்பரின் சத்தம் கேட்டது.

"அப்பா, இறங்குங்கோ!"

இறங்கவில்லை. சுற்றிவர ஈரப் பெயின்ற்.

கடல் பக்கத்தால் வந்தது. தாழ்ந்தது. நேரே எங்களுக்குத்தான். நான் ஏணியடியில் குப்புற விழுந்தேன்.

கூரைக்குக் கிட்ட வந்ததும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு சரிந்து திரும்பியது.

"கண்டிட்டான்! ஸ்ரெல்லா, அவன் பூவைக் கண்டிட்டான்!"

அப்பா தும்புத்தடியைத் தூக்கி ஆட்டினார். நீலம் என் கழுத்தில் தெறித்தது.

குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது.

நிலம் குலுங்கியது. கூரையில் ஒரு சீற்றுக்கூட வெடிக்கவில்லை.

நான் தலையைத் தூக்கினேன். கனிசியஸ் அண்ணை புகையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு இரண்டும் ஏணிக்குப் பக்கத்தில் கிடந்தன.

அப்பா பூவின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை, பாத்தியே?"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை அப்பா. பிள்ளையள் எல்லாம் வீட்டிலை."