காலிப் பெட்டியின் எடை

"மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை குறையாது, டிரைவர் சார். பெல்ட்டைக் கழட்டிட்டு ஏறுங்க."

பார்சல் கிடங்கே சிரித்தது. டிரைவர் பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் மேசையில் வைத்துவிட்டு மறுபடி தராசில் ஏறினார். எடை கூடிவிடுமோ என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காததில் உதடு காய்ந்திருந்தது.

"எண்பத்தொன்னு அறுநூறு" என்று உரக்கப் படித்து, சுவர்ப் பலகையில் எழுதினார் தராசுக்காரர். இருபது வருடமாகப் பார்சல்களை எடை போடுகிறவர். எட்டு வாரமாக, வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களையும் போடுகிறார்.

மேனேஜர் கொண்டுவந்த போட்டி அது. அதிகம் எடை குறைப்பவருக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் லீவு. கடைசியில் நிற்பவர் பெயர் பலகையில் சிவப்பு மையில். நல்லதும் நடக்கத்தான் செய்தது. லிஃப்ட்டை மறந்து படியேறினார்கள். டீயில் சர்க்கரை குறைந்தது. வாயில்தான் காரம் கூடிப்போயிற்று.

"ஃபுல் லோடு வருது, வழி விடுங்கப்பா!"

பில் போடும் பெண்ணுக்கு லோடுமேன்கள் வைத்த பெயர் அது. அவள் தலையைக் குனிந்தபடி வந்து, செருப்பைக் கழற்றினாள்.

இரண்டாவது வாரம் அவள் எடை இருநூறு கிராம் கூடியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரையோ கூப்பிடப் போனைக் கையிலேயே வைத்திருந்தவள், கூப்பிடாமல் பையில் போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்று அழுததைத் தராசுக்காரர் மட்டும் பார்த்தார். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பார்சல் எடை போடும்போது காலிப் பெட்டியின் எடையைக் கழிப்பதற்குத் தராசில் ஒரு வசதி உண்டு. மேசைக்கு அடியில் இருக்கும் பொத்தானை வேண்டிய அளவுக்கு அழுத்தினால் போதும், அவ்வளவையும் கழித்துவிட்டுக் காட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஏறும்போது, அரைக் கிலோவுக்கு அதை அழுத்தினார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, 'ஆண்டவனே, தப்புன்னா என்னை மன்னிச்சுடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு தடவையோடு விட முடியவில்லை. அடுத்த வாரம் எடை ஏறியதாகக் காட்டக்கூடாதே! அந்த அரைக் கிலோவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அழுத்தினார். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் அவள் ஓடிப்போய் யாருக்கோ போன் செய்து, "இந்த வாரமும் குறைஞ்சிருக்கு!" என்று குதூகலிப்பதைக் கேட்டு அவரும் நிம்மதியாகத் தூங்கினார்.

போன வாரம் ஒருவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது, "ஏழு கிலோ போயிடுச்சே அண்ணே, ஒரு துண்டு சாப்பிட்டாத் தப்பில்லைல்ல?" என்று கேட்டாள். "காலையில நடக்கறதையும் விட்டுட்டேன். முட்டி வலி தாங்கல."

"தாராளமாச் சாப்பிடு தங்கச்சி, உன்னை யார் கேக்கப் போறா?" என்று இரண்டு துண்டாகவே எடுத்துக் கொடுத்திருந்தார்.

இன்று கடைசி வாரம். அவள் ஏறினாள். தராசுக்காரரின் விரல் மேசைக்கு அடியில் போயிற்று.

"மொத்தம் எட்டு கிலோ குறைஞ்சிருக்கு. முதல் பரிசு!"

கிடங்கே கைதட்டியது. இந்த முறை கேலி இல்லை. "இனிமே அக்காவை யாராவது ஃபுல் லோடுன்னு சொன்னீங்க, தெரியும் சேதி!" என்று அந்தப் பெயரை வைத்த லோடுமேனே அதட்டினான். தராசுக்காரருக்குக் கண் கலங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் அவரிடம் வந்தாள்.

"அண்ணே, மூணு நாள் லீவு எனக்குப் பத்தாது. சேர்த்து ரெண்டு மாசத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"ரெண்டு மாசமா? எங்கேம்மா, உலகம் சுத்தவா?"

"ஆஸ்பத்திரிக்கு." சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சு அண்ணே. வீட்டுல என்னோடது மட்டும்தான் அவனுக்குப் பொருந்துது. ஆனா என் ஈரல்ல கொழுப்பு ஜாஸ்தி, ரெண்டு மாசத்துல எட்டு கிலோ குறைச்சாத்தான் பாதியை வெட்டி எடுக்க முடியும்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டார். திங்கட்கிழமை அங்க எடை பார்த்துட்டு ஆபரேஷன். அதைத் தாண்டினா அவன் தாங்க மாட்டானாம்."

தராசுக்காரர் சுவர்ப் பலகையில் தான் எழுதிய எட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல்லயே யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பாவம் பார்த்து, குறையாததையும் குறைஞ்சதாச் சொல்லிடுவாங்க. நம்ம தராசு சர்க்கார் சோதிச்சு முத்திரை வச்சது, யாருக்காகவும் பொய் சொல்லாதுன்னு நம்பித்தான் இந்தப் போட்டியிலயே சேர்ந்தேன்."

அவள் போனை எடுத்து, "டேய் தம்பி, எட்டு வந்திடுச்சுடா!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

அந்த எட்டில் நாலரை கிலோ, தராசின் மேல் இல்லவே இல்லாத ஒரு காலிப் பெட்டியின் எடை.