மடங்காத சட்டைகள்

விடிந்து வெகுநேரமாகியும் வெளிச்சம் சாம்பல் பூத்துத்தான் கிடக்கிறது. வீட்டு வாசலில், கணுக்கால் புதையும் பனியில் நின்றுகொண்டு, நர்ஸம்மா தன் புருஷனின் ஈரத்துணிகளைக் கொடியில் போடுகிறாள். வேர்த்துக் கொட்டும் ஊரில் பிறந்து வளர்ந்தவள்; நாயாய் அலைந்து இந்த மலையூர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருக்கிறாள். குடிவந்து மாதம்கூட ஆகவில்லை, "இந்தக் குளிர் நமக்கு ஆகாது, ஊருக்கே போயிடலாம்" என்று நேற்று அவன் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டான். அவள் காலையில் எழுந்ததும் அவன் துணி அத்தனையையும் வாளியில் முக்கிவிட்டாள். கொடியில் போட்ட சட்டைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறைக்கின்றன. காற்றடித்தால் படபடக்காமல் தகரம் மாதிரி ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. அவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறான். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிகிறது.

"பைத்தியமா உனக்கு? நான் எதைப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போறது?"

"யார் தடுத்தா? எடுத்து மடிச்சு வைங்க."

அவன் ஒரு சட்டையை உருவி மடிக்கப் பார்க்கிறான். அது இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவனோடு மல்லுக்கு நிற்கிறது.

"இது எப்போ காயும்?"

"வெயில் வந்ததும்."

"வெயில் எப்போ வரும்?"

"மூணு மாசம் ஆகுமாம். நான் இங்கதான் இருப்பேன். உங்களுக்கு அவசரம்னா போர்வையோட கிளம்புங்க."

அடக்கியும் அடங்காமல் அவன் சிரிப்பு மூக்கு வழியே ஆவியாகப் பீறிடுகிறது. அவள் சிரிக்கவில்லை. கடைசி பேண்ட்டை உதறிக் கொடியில் வீசிவிட்டு, சிவந்து மரத்த விரல்களை அவன் போர்வைக்குள் நுழைக்கிறாள்.