திருப்பிப் போட்ட சீட்டு

டுர்ர்ர்ர்… டொப். டுர்ர்ர்ர்… டொப்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்குச் சனிக்கிழமை விடிவது இந்தச் சத்தத்தில்தான். தானியேல் அண்ணாச்சியின் மோரிஸ் கார் கிளம்பும். கூடவே, வாசலில் நின்று அவருடைய அம்மா சாலோமி டீச்சர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் கேட்கும்.

சிரிப்புக்குக் காரணம், காரின் பின் சீட்டு.

தானியேல் அதைப் பிடுங்கித் திருப்பிப் போட்டிருந்தார். டிக்கியை அறுத்துக் கால் வைக்க இடம் பண்ணி, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாட்டியிருந்தார். அவர் முன்னால் பார்த்து ஓட்டுவார். மனைவி இன்னாசியம்மாள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விட்டு வந்த தெருவைப் பார்த்தபடியே போவாள்.

"இவ தொணதொணப்புத் தாங்காம எம்மவன் சீட்டையே திருப்பிப் போட்டுட்டான் பாத்தியாட்டி" என்று சாலோமி டீச்சர் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

எதிர்வீட்டு முத்துராணி அப்போது சின்னப் பிள்ளை. கண்ணாடிக்குள் குறுகி உட்கார்ந்து போகிற அந்த முகத்துக்குக் கை காட்டுவாள். தானியேல்மீது அன்றைக்கு வந்த கோபம், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகும் அவளுக்கு ஆறவில்லை.

போன வருஷம், ஆளாளுக்கு அறுத்து ஒட்டி உருமாற்றிய பழைய கார்களுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கார்களுக்குப் பக்கத்தில் வைக்கிற விளக்க அட்டைகளை எழுதும் வேலை முத்துராணிக்கு வந்தது.

மூடியில்லாமல் என்ஜின் பளபளக்கிற பிளிமத்துக்கு இரண்டு வரி. கூரையை வெட்டியெறிந்த அம்பாசிடருக்கு இரண்டு வரி. டிராக்டர் சக்கரம் மாட்டிய ஜீப்புக்கு ஒன்றே ஒன்று. தானியேலின் மோரிஸுக்கு மட்டும் அட்டை நிறைய எழுதினாள். 'மனைவியின் வாயை அடைக்க ஒரு கணவன் செய்த இருக்கை' என்று அது தொடங்கியது.

திறப்பு நாளன்று தானியேல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். எண்பது தாண்டியாயிற்று. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையை முழுக்க வாசித்தார்.

"எழுத்து நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

கார் யாருடையது என்று கேட்டவர்களுக்குத் தன்னையே கைகாட்டினார். அட்டையை வாசித்தவர்கள் எல்லாம் அவரை முறைத்துவிட்டுப் போனார்கள். ஸ்டெபி என்ற கல்லூரிப் பெண், அவரை அந்தச் சீட்டில் உட்காரவைத்து ஒரு நாள் ஊரைச் சுற்றினால் சம்மதிப்பாரா என்று நேராகவே கேட்டாள்.

"வாந்தி வந்துரும் தாயி" என்றார் தானியேல்.

இன்னாசியம்மாளால்தான் பொறுக்க முடியவில்லை. முத்துராணியின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அந்த அட்டையை எடுத்துரு முத்துராணி. அவருக்கு இந்தப் பேரு வேண்டாம்."

முத்துராணி எதிர்பார்த்ததுதான். ஏச்சு வாங்கினவர்களே வக்காலத்துக்கும் வந்து நிற்பார்கள் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். இனிமேல் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று இன்னாசியம்மாள் அக்காவுக்குத் தைரியம் சொன்னாள்.

"பயமா? இந்த மனுசனுக்கா?" இன்னாசியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில், புன்னக்காயலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், ஊர்க் கோயிலின் மணிக்கூண்டு மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவாளாம். வழியெல்லாம் உப்பளம். வெட்டவெளி. மணிக்கூண்டு லேசில் மறையாது. வீட்டுக்கு வந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். தைலமும் ஒத்தடமுமாகக் கிடப்பாள். மாமியாரின் ஏச்சு அதற்கு மேல்.

ஒரு நாள் தானியேல் காரை வண்ணார்பேட்டைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"'இனிமே நீ கழுத்தைத் திருப்பாண்டாம், நான் சீட்டைத் திருப்பிட்டேன்'னாரு. இதை அத்தைகிட்ட சொன்னா வீடு ரெண்டாயிரும்லா. அதான், என் வாயைத் தாங்க முடியலன்னு சொல்லிட்டாரு."

"அவங்க நம்பிட்டாங்களா?"

"நம்பினாங்களாவா? வருசத்துக்கு ஒருக்கா என்னை ஊருக்கு அனுப்ப மூக்கால அழுதவங்க, நான் திரும்பி உக்காந்து போற வேடிக்கையைப் பாக்கதுக்குன்னே வாராவாரம் அனுப்பிவச்சாங்க."

முத்துராணிக்கு முகம் கன்றிப்போயிற்று. பேனாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று காரிடம் போனாள். அட்டையை உருவப் போனபோது, நாற்காலியிலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"இவ உளறிட்டாளாக்கும்" என்றார் தானியேல்.

"விடுங்க அண்ணாச்சி. உண்மையை எழுதுதேன். எல்லாரும் உங்களையில்லா ஏசிட்டுப் போறாங்க."

"உண்மையை எழுதினா, அதை எதுக்கு மறைச்சேன்னு கேப்பாங்க. அப்போ எங்கம்மைல்லா கெட்டவளா ஆயிருவா." அட்டையைப் பையத் தடவி, சரியாக நிற்கும்படி வைத்தார். "அவளால வந்து பதில் சொல்ல முடியுமா? நான் இருக்கேன். வாங்கிக்கிடுதேன்."

அட்டை அப்படியே இருந்தது. கண்காட்சி முடிகிற வரைக்கும் தானியேல் தினமும் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். புன்னக்காயலிலிருந்து தம்பி வந்து எவ்வளவோ கூப்பிட்டும் இன்னாசியம்மாள் போகவில்லை. "இங்கேருந்து கெளம்புனா, இப்போ கழுத்து இந்தப் பக்கம்லா திரும்பும்" என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டிலேயே இருக்கிறாள்.